ஃபட்டோக்கியின் புகைப்பட ஆஸ்பத்திரி

எங்கள் அரோமு ஊரில் எந்தக் காலேஜிலும் படிக்காமல் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு திரிகிற டாக்டர் ஒருவன் உண்டு. ஃபட்டோக்கி என்று பெயர். கிழிந்த புகைப்படம், கரையான் அரித்த புகைப்படம், கூரை ஒழுகி நனைந்துபோன புகைப்படம், இதையெல்லாம் ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் சரிபண்ணிக் கொடுப்பது அவன் தொழில். கடை வாசலில் 'புகைப்பட ஆஸ்பத்திரி' என்று பெரிய பலகை. யாராவது படத்தைக் கொண்டுவந்தால் வாங்கி வைத்துக்கொள்ள மாட்டான், அட்மிட் செய்துகொள்வான். நோயாளி எத்தனை நாள் உள்ளே இருக்க வேண்டும் என்று நெற்றியைச் சுருக்கிக்கொண்டு சொல்வான். ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். அந்தக் கணக்கில் பார்த்தால் இவன் முழு வைத்தியன்.

இதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. அவன் கடைக்கு அடுத்த கடை என்னுடையது. கண்ணாடி வெட்டிப் படங்களுக்குச் சட்டம் போடுகிறவள் நான். என் சொந்தப் பெயர் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது, இயா ஃபிரேம் என்றுதான் கூப்பிடுவார்கள். இயா என்றால் எங்களுக்கு அம்மா. அவன் 'குணப்படுத்திய' படம் ஒவ்வொன்றும் கடைசியில் என் மேஜைக்குத்தான் வர வேண்டும். அதனால் அவன் ஜம்பம் என்னிடம் செல்லாது.

அவன் அப்பா கிழங்கு வியாபாரி. இவன் படிப்பு ஏறாமல் இபாடான் நகரத்துக்குப் போய் ஒரு ஸ்டூடியோவில் மூன்று வருஷம் தட்டுக் கழுவினான். இப்போது கேட்டால் 'இபாடானில் பயிற்சி' என்பான். பிறகு ஊருக்கு வந்து ஒரு கம்ப்யூட்டரை வாங்கிப் போட்டுக்கொண்டு சாவு போஸ்டர் அடிக்க ஆரம்பித்தான். இங்கே வயதான ஆள் செத்தால் ஊர்ச் சுவர் முழுக்க அவர் படம் ஒட்டியாக வேண்டும், அதுவும் ராஜா மாதிரி இருந்தாக வேண்டும். அங்கேதான் அவன் கை பழகியது. கறுத்த தோலை வெளுப்பான், போன பல்லை முளைக்க வைப்பான், பரம ஏழைக்குப் பட்டு அங்கி மாட்டுவான். செத்தவருடைய மகனே சுவரைப் பார்த்துவிட்டு, "இது யாரு வீட்டுச் சாவு?" என்று கேட்டதை என் காதால் கேட்டிருக்கிறேன்.

பொய் சொல்லக் கூடாது, திறமை உள்ளவன்தான். வெறும் மஞ்சள் கறையாகிப்போன படத்திலிருந்து ஒரு கண்ணை மீட்டுக் கொண்டுவருவான். அந்தக் கண்ணைப் பார்த்து அழுதுகொண்டே போனவர்கள் இருக்கிறார்கள். கண்ணோடு நிறுத்திக்கொண்டால் நானும் அவனை மெச்சியிருப்பேன். நிறுத்தத்தான் அவனுக்குத் தெரியாது.

போன வருஷம் ஊர்த் திருநாளுக்கு 'அரோமுவின் நூறு வருஷத்து முகங்கள்' என்று கண்காட்சி வைக்க ஊர்ச் சங்கம் தீர்மானித்தது. வீட்டுக்கு வீடு பழைய படங்களைச் சேகரிப்பது, ஃபட்டோக்கி சரிபண்ணுவது, நான் சட்டம் போடுவது, ஊர் மண்டபத்தில் மாட்டுவது என்று ஏற்பாடு. சங்கத் தலைவர் சீஃப் லடாபோ. சீஃப் என்பது ஊர் கொடுத்த பட்டம். பள்ளிக்கூட இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது சம்பளத்துக்குத்தான், வாய்க்கு இல்லை. வருகிறவன் போகிறவன் எல்லாரையும் இன்னமும் பெஞ்சு மேல் ஏற்றி நிற்க வைப்பதுபோலத்தான் பேசுவார்.

முதலில் அட்மிட் ஆனது சீஃபின் தாத்தா. நாற்காலியில் கம்பீரமாக உட்கார்ந்திருக்கிறார், தோளில் நெய்த துணி, கையில் விசிறி. நல்ல படம். ஆனால் வெறுங்கால். வயலில் நடந்து நடந்து அகன்றுபோன பாதம், புழுதி அப்பியிருக்கிறது.

சீஃப் தொண்டையைச் செருமினார். "தாத்தாகிட்ட ஷூ இருந்துச்சுப்பா. அன்னைக்குப் போட மறந்துட்டாரு."

"அதுக்கென்ன சீஃப், நான் ஞாபகப்படுத்திடறேன்" என்றான் ஃபட்டோக்கி.

எங்கிருந்தோ ஒரு ஜோடி பழுப்பு நிற ஷூ படத்தை எடுத்துத் தாத்தா காலில் ஒட்டினான். அவ்வளவுதான். சேதி ஊருக்குள் பரவி, ஒரே வாரத்தில் எல்லார் வீட்டுத் தாத்தாவும் ஷூ போட மறந்துபோன கதை வெளியே வந்தது. ஃபட்டோக்கியிடம் இருந்ததோ ஒரே ஜோடி. முப்பத்திரண்டு தாத்தாக்களுக்கு நான் சட்டம் போட்டேன், முப்பத்திரண்டு பேர் காலிலும் அதே ஷூ, அதே முடிச்சு. ஒருவருக்கு இடது கால் ஷூவை வலது காலில் மாட்டியிருந்தான். கேட்டதற்கு, "காலை யாரு பாக்கப் போறா, இயா?" என்றான். காலைப் பார்க்க மாட்டார்கள் என்றால் ஷூ எதற்கடா என்று கேட்டேன், அடுத்த தாத்தாவை எடுத்து நீட்டினான்.

இந்தக் கூத்து நடந்துகொண்டிருந்தபோதுதான் டாயே அம்மா தன் படத்தைக் கொண்டுவந்தாள்.

டாயே அம்மாவுக்கு எழுபத்தேழு வயது. சந்தைக்குப் பின்னால் குடியிருக்கிறாள். நாற்பது வருஷம் பனை எண்ணெய் விற்றவள், அவளிடம் அளவில் ஏமாற்ற முயன்றவன் எவனும் மறுபடி அந்தப் பக்கம் வந்ததில்லை. அந்தப் படத்தை அவள் வீட்டுக்கு வெளியே கொண்டுவந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. நீளப் பெஞ்சில் இரண்டு சிறுமிகள், ஒரே மாதிரிப் பூப்போட்ட கவுன். ஒருத்தி இந்த டாயே அம்மா, இன்னொருத்தி கெஹிண்டே. இரட்டையாகப் பிறந்தால் முதலில் வந்தது டாய்வோ, சுருக்கினால் டாயே, பின்னால் வந்தது கெஹிண்டே, எங்களில் வேறு பெயர் வைப்பதில்லை. பின்னால் வந்தவள்தான் மூத்தவள். உலகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவரத் தங்கையை முன்னால் அனுப்பிவிட்டு ஆற அமர வருகிறவள் அக்கா.

அந்த அக்கா ஆறு வயதில் அம்மை கண்டு போய்விட்டாள். அதுவரை அவளை யாரும் படம் எடுத்திருக்கவில்லை. இரட்டையில் ஒன்று போனால் போனதுதானே என்று விட்டுவிட எங்கள் ஊரில் முடியாது. அதைக் கவனிக்காமல் விட்டால் மற்றதையும் அழைத்துக்கொள்ளும். அந்தக் காலத்தில் மரத்தில் சின்ன பொம்மை செதுக்கி, குளிப்பாட்டி, துணி கட்டி, சோறு வைப்பார்கள். டாயேயின் அம்மா அடுன்னி சர்ச்சில் சேர்ந்திருந்தாள், மரத்தைத் தொட்டால் பாஸ்டர் விரட்டிவிடுவார். அதனால் படக்காரரைக் கூப்பிட்டாள். அவர் கேமராவின் பாதிக் கண்ணை மறைத்துக்கொண்டு பெஞ்சின் ஒரு கோடியில் டாயேவை உட்காரவைத்து எடுத்தார். பிறகு மறு பாதியை மறைத்துக்கொண்டு அதே பிள்ளையை மறு கோடியில் உட்காரவைத்து, "இப்ப நீ கெஹிண்டே" என்று சொல்லி எடுத்தார். கழுவினால் இரண்டு பிள்ளைகள். அந்த நாளில் இந்தப் பக்கத்து ஸ்டூடியோக்காரர்கள் எல்லாரும் செய்ததுதான், ஒருவரும் அதைப் பொய் என்று சொன்னதில்லை. அன்றிலிருந்து அது கெஹிண்டேயின் படம். எழுபத்தோரு வருஷமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் எண்ணெய் விட்டு வேகவைத்த பயறு ஒரு தட்டு அந்தப் படத்துக்கு முன்னால் போகும். இரட்டைகளுக்குப் பயறுதான் பிடிக்கும்.

"மூலையில கரையான் ஏறுதுடா" என்றாள் ஃபட்டோக்கியிடம். "நான் போறதுக்குள்ள இவ போயிடக் கூடாது. என்கிட்ட இவளுக்கு வேற படம் கிடையாது, பாத்துக்கோ."

"கவலையே படாதீங்க இயா. ரெண்டு பேரையும் நூறு வருஷம் வாழ வைக்கிறேன்" என்று மார்பில் கை வைத்துச் சொன்னான். கண்காட்சியிலும் மாட்டுவதாகச் சொன்னான். கிழவி சந்தோஷமாகத்தான் போனாள்.

அடுத்த வாரம் சீஃப் மேற்பார்வைக்கு வந்தார். கண்காட்சியைத் திறந்துவைக்க லாகோசிலிருந்து ஒரு பேராசிரியை வருகிறாள் என்ற சேதி கிடைத்ததிலிருந்து அவருக்கு உண்மை மேல் திடீர்க் காதல். "இது சரித்திரம், விளையாட்டு இல்ல. கேமரா முன்னால நிஜமா உட்கார்ந்தவங்க மட்டும்தான் சுவத்துல இருக்கணும். பித்தலாட்டம் ஒண்ணு கூட இருக்கக் கூடாது" என்று உத்தரவு போட்டார். தாத்தாக்களின் கால்கள் அவர் கண்ணில் படவில்லை. ஃபட்டோக்கி டாயே அம்மாவின் படத்தைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினான். இரண்டு பிள்ளைக்கும் மோவாயில் ஒரே மச்சம், முன்பல் விழுந்த ஓட்டையும் ஒன்றே. உத்தரவு வந்தது, "ஒண்ணை எடுத்துடு." இவன் எடுத்துவிட்டான். கரையான் பக்கத்துப் பிள்ளையை அழித்துவிட்டு, தெளிவாக இருந்ததை வைத்துக்கொண்டான்.

எனக்கு இது தெரிந்தது படம் என் மேஜைக்கு வந்தபோதுதான். ஒரு பிள்ளை, காலியான பெஞ்சு, கீழே எழுத்து: 'டாய்வோ. எண்ணெய் வியாபாரி அடுன்னியின் ஒரே மகள்.'

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. படத்தைத் தூக்கிக்கொண்டு அவன் கடைக்குள் நுழைந்தேன். "டேய் டாக்டர், இன்னொரு பிள்ளையை எங்கடா புதைச்சே?"

"அது ஒரே பிள்ளைதான் இயா. உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்கு நல்லாத் தெரியும். உனக்கும் தெரியும். செருப்பே பாக்காத கிழவனுக்கு ஷூ மாட்டினா அது சரித்திரம், செத்த பிள்ளைக்கு அவ தங்கச்சி உட்கார்ந்தா பித்தலாட்டமா?"

"சீஃப் சொன்னாரு."

"சீஃப் சொன்னா உன் தலையையும் எடுத்துடுவியா? அசல் படத்தைக் கொடு. நான் சட்டம் போட்டு அந்தம்மாகிட்டக் கொண்டுபோய்க் குடுக்கறேன்."

அவன் மேஜைக்கு அடியிலிருந்து ஒரு தட்டை எடுத்து வைத்தான். அட்டையிலிருந்து படத்தைப் பிரிக்க வேண்டும் என்று தண்ணீரில் ஊறப்போட்டானாம். இபாடான் பயிற்சி! தாள் மேலிருந்த படப் பூச்சு வழுக்கிக்கொண்டு தண்ணீரில் கரைந்துபோயிற்று. தட்டில் வெறும் தாள்தான் மிச்சம். போகட்டும், ஸ்கேன் செய்தது கம்ப்யூட்டரில் இருக்கிறதே என்றால், ஒரு பிள்ளையை எடுத்த படத்தை அதன் மேலேயே சேமித்துவிட்டிருந்தான். நூறு வருஷம் வாழ வைக்கிறேன் என்றவன் பத்து நாள் தாங்க வைக்கவில்லை. குரங்கு கையில் கிடைத்த பூமாலைக்குக்கூட நாலு பூவாவது மிஞ்சும்.

அன்று சாயங்காலமே டாயே அம்மா படத்தை வாங்க வந்தாள். நான் சொல்லுவேனா, அவன் சொல்லுவானா என்று இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். கடைசியில் அவன் வெள்ளைக் கோட்டோடு தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். பெரியவர்களை அப்படித்தான் கும்பிடுவோம் என்றாலும் அன்று அவன் எழுந்திருக்கவே இல்லை. விழுந்தபடியே எல்லாவற்றையும் சொன்னான்.

கிழவி என் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"ஒரு நிமிஷ வேலை இயா" என்று தலையை மட்டும் தூக்கினான் ஃபட்டோக்கி. "இருக்கிற பிள்ளையை அப்படியே இன்னொண்ணு எடுத்துப் பக்கத்துல ஒட்டிடறேன். ரெண்டும் ஒரே முகம்தானே? யாருக்கும் வித்தியாசம் தெரியாது."

"ஒட்டினா அது நான் ரெண்டு தடவை" என்றாள் டாயே அம்மா. "அவ எங்கடா? அன்னைக்கு ரெண்டாவது தடவை உட்காரும்போது நான் நானா உட்காரல. எங்கம்மா பக்கத்துல நின்னு அழுதுகிட்டே 'கெஹிண்டே, இங்க பாரு, கெஹிண்டே, அசையாத'ன்னு கூப்பிட்டா. நான் மூச்சை அடக்கி அவளா இருந்தேன். அந்த ஒரு தடவைதான் அவ கேமரா முன்னால வந்தா. அதை நீ எப்படி ஒட்டுவ?"

அவன் மறுபடி முகத்தைத் தரையில் வைத்துக்கொண்டான்.

"பொறக்கும்போது என்னை முன்னால அனுப்பினா. போகும்போது அவ முந்திக்கிட்டா. நாளைக்கு நான் அங்க போனா வாசல்லயே நிப்பா, 'என்னை எங்கடி வச்சுட்டு வந்தே'ன்னு கேப்பா. தண்ணியில கரைச்சுட்டாங்க அக்கான்னு சொல்லவா?"

அச்சடித்த படத்தையாவது பாருங்கள் என்று நான் எடுத்து நீட்டினேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அரைப் படத்தை நான் பாக்கணுமா?" என்று எழுந்து போய்விட்டாள். அந்தச் சனிக்கிழமை அவளைப் பார்க்க வீட்டுக்குப் போனேன். பழக்க தோஷத்தில் பயறு வேகவைத்துவிட்டாள். தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் அறை நடுவில் நின்றுகொண்டிருந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கமில்லாமல் அழுதேன்.

திருநாளன்று மண்டபத்தில் நிற்க இடமில்லை. சீஃப் உத்தரவு, அந்த ஒற்றைப் பிள்ளைப் படமும் நடுச் சுவரில் தொங்கியது. பெரிய மனிதர்கள் எல்லாம் கஞ்சி போட்ட அங்கி சரசரக்க அவரவர் தாத்தாவுக்கு அடியில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். சீஃப் லடாபோ பேராசிரியையை ஒவ்வொரு சுவராக அழைத்துப்போய் உண்மை, ஆதாரம், வருங்காலத் தலைமுறை என்று அளந்துகொண்டிருந்தார். அவள் நல்ல பெண், தலையாட்டிக்கொண்டே தாத்தாக்களின் பாதங்களை ஒன்று விடாமல் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அப்போது கூட்டத்தை முழங்கையால் விலக்கிக்கொண்டு டாயே அம்மா வந்தாள். தலையில் துணி கூடக் கட்டவில்லை. நேரே என்னிடம் வந்து, "என் படம் எங்க மாட்டியிருக்கு? கழட்டு" என்றாள். "அவ இல்லாம நான் மட்டும் தொங்க மாட்டேன்."

சீஃப் ஓடி வந்தார். "இயா, இது ஊர் நிகழ்ச்சி. வீட்டுச் சண்டையை இங்க கொண்டு வராதீங்க."

"நீ தள்ளு. எண்ணெய் டின்னை உருட்டித் தள்ளின கை இது."

சீஃப் தள்ளி நின்றார். அவள் படத்துக்கு முன்னால் போய் நின்றாள். கழற்றக் கையைத் தூக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். இடுப்பிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு கண்ணாடிச் சட்டத்தில் மூக்கு இடிக்கும் அளவுக்குக் கிட்டப் போனாள். நான் அவள் விழுந்துவிடுவாள் என்று பயந்து பின்னால் போய் நின்றேன்.

அவள் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, ஆறு வயதுப் பிள்ளை மாதிரி.

"இது நான் இல்ல" என்றாள்.

"இயா, கீழ பேரு போட்டிருக்கு பாருங்க. டாய்வோ" என்றார் சீஃப்.

"பேரை நீ போட்டே. அன்னைக்கு அங்க நீ இருந்தியா? கையைப் பாரு. மடியில இடது கை மேல இருக்கு. கெஹிண்டே இடது கைக்காரி. சாப்பிட, வாங்க, கொடுக்க எல்லாத்துக்கும் இடது கையை நீட்டுவா. மரியாதை தெரியலைன்னு எங்கம்மா அந்தக் கையில எத்தனை அடி அடிச்சிருப்பா! துணியால கட்டிக்கூட வச்சா. படம் எடுக்கிற அன்னைக்கு நான் பயந்துபோய் வலது கையை மேல வச்சேன். அம்மாவே வந்து மாத்தி வச்சா. 'இன்னைக்கு அவ இஷ்டப்படி இருக்கட்டும்'னு சொன்னா."

ஃபட்டோக்கி மூலையில் நின்று கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான். தெளிவாக இருக்கிறதே என்று அவன் வைத்துக்கொண்டது அக்காவை. கரையான் பட்டதென்று அழித்தது, உயிரோடு எதிரில் நிற்கிற தங்கையை. அதையும் தெரிந்து செய்யவில்லை அந்தப் புண்ணியவான்.

"நிஜமா உட்கார்ந்தவங்க மட்டும்தான் இருக்கணும்னு சொன்னியாமே சீஃப்" என்றாள் டாயே அம்மா. "உட்கார்ந்தவளைத் தூக்கிட்டே. கேமராவையே பாக்காம செத்தவளை நடுச் சுவத்துல மாட்டி வச்சிருக்கே. நல்லாயிருக்குடா உன் சரித்திரம்!"

சீஃப் பேராசிரியையைப் பார்த்தார். அவள் பையிலிருந்து பேனாவை எடுத்து டாயே அம்மாவிடம் நீட்டினாள். கிழவிக்கு எழுத வராது. அவள் பேனாவை வாங்கி ஃபட்டோக்கியின் மார்பில் குத்தினாள். "அழிச்ச கையாலயே எழுது. கெஹிண்டே. அடுன்னியின் மூத்த மகள்."

எல்லார் முன்னாலும் மண்டியிட்டு, நான் கண்ணாடியைக் கழற்றிக் கொடுக்க, பழைய எழுத்தை அடித்துவிட்டு எழுதினான். அவன் வாழ்க்கையில் ஒரு படத்துக்குச் செய்த ஒரே உருப்படியான வைத்தியம் அதுதான் என்று அப்போதும் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். எழுதி முடித்துவிட்டுத் தலை நிமிராமல், "இயா, உங்க படம்தான் இப்ப இல்லாமப் போச்சு. உட்காருங்க, இப்பவே ஒண்ணு எடுத்துப் பக்கத்துல மாட்டிடறேன்" என்றான்.

டாயே அம்மா அவன் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தாள்.

"நான்தான் இங்க நிக்கிறேனே. இருக்கிறவளுக்கு எதுக்குடா படம்?"